பரவால்ல மாஸ்டரின் வலது கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று வாய், இன்னொன்று கால். வாய் கத்துவதற்கு. கால், கத்தியும் கேட்காதவர்களிடமிருந்து காரைக் காப்பாற்றுவதற்கு. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்பவர் சுவரைப் பார்த்துப் பாய்ந்தால், பக்கத்தில் இருப்பவர் மிதித்து நிறுத்திவிடலாம். நம் மாஸ்டர் வாயைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, காலை மட்டும் வைத்துப் பிழைப்பு நடத்தியவர்.

பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் 'பரவால்ல மாஸ்டர்' என்று பெயர். ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்றக் கிளம்பிய பல் டாக்டரிடம், "பரவால்ல டாக்டர், நல்லாத்தான் போறீங்க" என்பார். அதைச் சொல்லும்போதே அவருடைய வலது கால் பிரேக்கை மிதித்திருக்கும், கை ஸ்டியரிங்கை ஒரு இழு இழுத்திருக்கும். டாக்டரம்மா வண்டி தன் சொல்லைத்தான் கேட்டது என்று நம்பி, முகம் மலர இறங்கிப் போவார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கிளட்சே இல்லாமல் கியர் மாற்றுவார். மாற்றியதாக நினைப்பார். கிளட்சை மிதித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாஸ்டர் இப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமன். லாரி ஓட்டியவர். தப்புக்கு ஒரு குட்டு, சரியாகச் செய்தால் 'இப்பவாவது வந்ததே' என்று இன்னொரு குட்டு. கூடவே, பரம்பரையையே இழுத்து ஒரு வசவு. வண்டி ஓட்ட வந்துவிட்டது, ஆனால் நடுக்கமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது குரலை உயர்த்தினால் இன்றைக்கும் மாஸ்டரின் தோள் தானாகக் குறுகும். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உயிர்கூட அப்படி நடுங்கக் கூடாது என்று அந்த வயதிலேயே முடிவு கட்டிக்கொண்டார்.

நல்ல மனசுதான். யார் இல்லை என்றது? ஆனால் வலிக்குமே என்று முள்ளை எடுக்காமல் மேலே துணியைச் சுற்றிவிடுவதும் நல்ல மனசுதான். கால் அழுகிப் போகும், அவ்வளவே.

தேர்வுக்குப் போனால் விஷயம் வேறு. பக்கத்தில் உட்காரும் அதிகாரி தன் காலை அசைக்க மாட்டார். அசைத்தால் தேர்வு அங்கேயே முடிந்தது என்று அர்த்தம். மாஸ்டரிடம் ராஜா மாதிரி ஓட்டியவர்கள், அங்கே நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றார்கள். மேட்டில் பின்னுக்கு உருண்டார்கள். வெளியே வந்து அதிகாரியின் மூஞ்சியைத் திட்டினார்கள், வெயிலைத் திட்டினார்கள், கடைசியில் தங்களையே திட்டிக்கொண்டார்கள். மாஸ்டரை மட்டும் யாரும் திட்டவில்லை. "உங்ககிட்ட மட்டும் நல்லா வருது மாஸ்டர்" என்று மறுபடியும் அவரிடமே வந்து சேர்ந்தார்கள். அவர் தேநீர் வாங்கிக் கொடுத்துத் தேற்றினார்.

அவருக்கே இது தெரியாதா என்று கேட்டால், பாதி தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். கால் தானாகப் போகும், அவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

வீட்டிலும் இதே ஆள்தான். அவர் மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். குரலும் நடையும் வேகமும் உள்ளவள். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், அவள் கைகழுவப் போன நேரத்தில் மாஸ்டர் தன் தட்டில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிக்கொண்டு சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுவார். "எப்படி இருக்கு?" என்றால், "பரவால்ல, நல்லா இருக்கு." கல்யாணமான நாள் முதல் அவர்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததில்லை. அக்கம்பக்கத்தில் கணவன்மார்களுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கணவன்மார்களுக்கு அவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கினார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது, கட்டு மாற்றுவது. அந்த வேலையின் மேல் மாஸ்டரின் மனைவிக்குக் கொள்ளை ஆசை. "வார்டுல ஓட்டமா ஓடறேங்க. ஒரு மனுஷன்கிட்ட உக்காந்து முழுசா ரெண்டு வார்த்தை பேச முடியல. ஒருத்தர் சொல்ல ஆரம்பிக்கும்போதே அடுத்த கட்டில்ல மணி அடிக்கறாங்க. இந்த வேலைன்னா உக்காரலாம், கேக்கலாம்" என்றாள். தலைமை நர்ஸுக்கும் அவளை அனுப்பத்தான் விருப்பம். ஒரே ஒரு நிபந்தனை, கார் ஓட்டும் உரிமம் வேண்டும்.

வீட்டிலேயே மாஸ்டர் இருக்கும்போது வெளியே தேடுவானேன்? அவரிடமே கற்றுக்கொண்டாள். பிரமாதமாக ஓட்டினாள். முதல் தேர்வில் நிறுத்தக் கோட்டைத் தாண்டினாள். இரண்டாவது தேர்வில் பாதசாரி ஒருவர் காலை எடுத்து வைத்த பிறகும் வண்டி போய்க்கொண்டே இருந்தது, அதிகாரிதான் மிதித்து நிறுத்தினார். மூன்றாவது முறையும் தேர்வு போய்விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று தலைமை நர்ஸ் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் மாஸ்டர் காரை வழக்கமான பழுது பார்ப்புக்கு விட்டார். பள்ளியின் வண்டிகளை எல்லாம் பார்ப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நல்ல பையன், நாக்கில் நரம்பு இல்லாதவன். வண்டிக்குள் தலையை விட்டவன் அப்படியே கூப்பிட்டான்.

"மாமா, இங்க வாங்க. இந்த ரப்பரைப் பாருங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஓட்டுபவர் பக்கத்துப் பிரேக்கின் ரப்பரில் வரிகள் அப்படியே இருந்தன. அவர் பக்கத்துப் பிரேக்கில் வரி இருந்த இடமே தெரியவில்லை. ஒரு ஓரத்தில் தேய்ந்து இரும்பு பளபளத்தது.

"ஸ்கூல் வண்டி எல்லாம் நான்தான பாக்கறேன்? மத்த வண்டியில ஓட்றவங்க பக்கம் தேயும், மாஸ்டர் பக்கம் புதுசாட்டம் இருக்கும். உங்க வண்டியில தலைகீழ். வண்டிய யாரு மாமா ஓட்டறா?"

"பரவால்ல, மாத்திடு" என்றார் மாஸ்டர்.

மச்சினன் சிரித்துக்கொண்டே ரப்பரைக் கழற்றினான். கழற்றிக்கொண்டிருந்தவனின் கை பாதியில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"அக்காவும் இந்த வண்டியிலதானே பழகினா?"

மாஸ்டர் அந்தத் தேய்ந்த ஓரத்தை விரலால் தடவினார்.

"அவ எங்க வீட்டுக்கு வந்து அழுதா மாமா. எங்க அக்கா அழுது நான் பாத்ததே இல்ல. தனக்கு ஏதோ மண்டையில கோளாறுன்னு சொல்றா. நீங்க அவகிட்ட சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா நல்லா இருக்காது."

மாஸ்டர் தலையாட்டினார். அவள் போய்த் தம்பியிடம் அழுதிருக்கிறாள், தன்னிடம் அழவில்லை என்பது அவருக்கு நெஞ்சில் தைத்தது. ஆனால் தன்னிடம் எப்படி அழுவாள்? அழ வந்தால்தான் அவர் 'பரவால்ல' என்று மூடி போட்டுவிடுவாரே.

மறுநாள் மதியம், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் இருவரும் பயிற்சிக்குப் போனார்கள். சிவப்புக் கூம்பு ஒன்றை நிறுத்தி வைத்து, அதன் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். அவள் வந்தாள், நிறுத்தினாள். கூம்புக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. வாத்தியார்கள் படம் பிடித்து மாட்டலாம்.

"பாத்தீங்களா? இங்க எவ்வளவு அழகா நிக்குது. அங்க போனா எனக்கு என்னதான் ஆகுதோ" என்றாள். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துத் தன் விரல்களையே பார்த்தாள். "நேத்து வார்டுல ஒரு பெரியவருக்கு ஊசி போட்டேன். கை நடுங்கிச்சுங்க. எனக்கு! கண்ண மூடிட்டு நரம்பைப் பிடிப்பேன் நான். இப்ப அதுலகூட, நமக்கு வருதா வரலையான்னு சந்தேகமா இருக்கு."

மாஸ்டரின் தொண்டையில் வழக்கமான அந்தச் சொல் வந்து நின்றது. அதை விழுங்கினார். கூம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இப்ப வண்டிய நீ நிறுத்தல."

"என்ன?"

"நீ மிதிக்கறதுக்கு முன்னாடி நான் மிதிச்சேன்."

அவள் குனிந்து பார்த்தாள். அவருடைய வலது கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. மனுஷர் அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப மட்டுமா?"

"எப்பவுமே."

"ரெண்டு தடவை பெயிலாகி வந்தேனே, அப்பவும் இது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுன்னு சொன்னா பொய். தெரியும்னு சொல்லிக்கவும் தைரியம் இல்ல."

அவள் இஞ்சினை அணைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. ஆஸ்பத்திரியில் தூங்கும் நோயாளியின் அறைக் கதவைச் சாத்துவது போல மெல்லச் சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். மாஸ்டர் காலி மைதானத்தில் கூம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் அமைதி வந்தது பாருங்கள், அது பழைய அமைதி இல்லை. "சாப்பாடு மேஜைல இருக்கு." "சட்டை இஸ்திரி போட்டாச்சு." நோயாளியிடம் பேசும் குரலில், ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதையோடு பேசினாள். மாஸ்டருக்குத் தாய்மாமனின் குட்டே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. வாழ்நாள் முழுதும் யாரும் கத்திவிடக் கூடாதே என்று பயந்தவர், இவள் ஒரு தடவை கத்தமாட்டாளா என்று ஏங்கினார்.

விடுமுறை நாள் காலையில், காய்ந்த துணிகளைக் கட்டில் மேல் குவித்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்வையின் அந்த முனை அவள் கையில், இந்த முனை அவர் கையில். அப்போது அவள் கேட்டாள்.

"வேற எதுல எல்லாம் இப்படி மிதிச்சு வெச்சிருக்கீங்க?"

மாஸ்டர் போர்வையைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை, முனையை விட்டால் துணி தரையில் விழும்.

"குழம்புல உப்பு. அடிக்கடி. நான் வெந்நி ஊத்திக்குவேன்."

"அடப்பாவி மனுஷா! சொல்றதுக்கு என்ன? வேற?"

"இந்த ஜன்னல் துணி. இந்தப் பச்சை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"மாட்டி எத்தனை வருஷமாச்சு? வேற?"

"உன் கூட்டாளி, அந்த லேப்காரம்மா வந்தா நான் குளிக்கப் போறது அழுக்குக்காக இல்ல. அவங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன் மேலேயே கோபமும் வந்தது. "இவ்வளவுதானா?" என்றாள்.

இவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். சிரித்த முகத்தோடு போர்வையை மடித்துவிட்டுப் போயிருக்கலாம். மாஸ்டர் அப்படிச் செய்யவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த துணிச்சலான காரியம் எது என்று கேட்டால், இளவயதில் ஒரு முறை மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியை நிறுத்தியதை அவர் சொல்வார், நான் இதைத்தான் சொல்வேன்.

"இல்ல" என்றார். "நீ தனியா கார எடுத்துட்டு, முன்னபின்ன தெரியாத வீட்டுக்கெல்லாம் போறது எனக்குப் பயமா இருக்கு. ஆரம்பத்துல இருந்தே. நீ பெயிலாகி வந்தியே, ரெண்டு தடவையும் எனக்கு உள்ளுக்குள்ள எங்கயோ ஒரு நிம்மதி வந்துச்சு. நீ வாடின முகத்தோட நின்னப்ப, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதான் உண்மை. அசிங்கமான உண்மை."

அவள் போர்வையின் முனையை விடவில்லை. அவருடைய தோள்கள் வழக்கம்போல் குறுகிக்கொண்டன.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்."

"தெரியும்."

"சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன்."

"அதுவும் தெரியும்."

"நாம சண்டையே போட்டதில்லேன்னு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்." அவள் குரல் உடைந்தது. "இப்ப நெனச்சா, இத்தனை நாள் நான் யார்கூட குடும்பம் நடத்தினேன்னே தெரியலைங்க. உப்பைக்கூடச் சொல்லாத ஒரு ஆள்கூட."

பிறகு அவள் கத்தினாள். நன்றாகவே கத்தினாள். மேல் வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் நின்று போனது, காது கொடுத்துக் கேட்டார்கள் போலிருக்கிறது. மாஸ்டர் இடையில் ஒன்றிரண்டு முறை பதில் சொன்னார், ஒரு முறை தன் குரலையும் உயர்த்தினார். உயர்த்திவிட்டு அவரே திடுக்கிட்டார். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. கடைசியில் இருவரும் களைத்துப் போய்க் கட்டிலின் இரண்டு ஓரத்தில், மடிக்காத துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கு நீங்களே சொல்லிக்குடுங்க" என்றாள் அவள். "ஆனா காலைத் தூக்கி சீட்டு மேல மடிச்சு வெச்சுக்கணும். இடிச்சா இடிக்கட்டும்."

இடித்தது. மறுநாள் மாஸ்டர் பந்தியில் உட்கார்ந்தவர் போலச் சம்மணம் போட்டு சீட்டில் உட்கார்ந்தார். பழகிய கால் துடித்தது, இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் முதல் கூம்பின் மேல் ஏற்றினாள், இரண்டாவதைத் தள்ளிக்கொண்டே போனாள், பிறகு குப்பைத் தொட்டியைக் குறிவைத்தாள்.

"பிரேக்கு! பிரேக்க மிதி! இது தப்பு!"

தொட்டி கவிழ்ந்தது. முன்பக்க பம்பர் நசுங்கியது. அவள் திரும்பி, வேர்த்துப் போன அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க தப்பு? சொல்லுங்க."

சொன்னார். தொட்டி எங்கே இருந்தது, அவள் எப்போது பார்த்தாள், பார்த்த பிறகு கால் எவ்வளவு தாமதமாகப் போனது, யாராவது மிதிப்பார்கள் என்று அது எப்படிக் காத்திருந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குட்டு இல்லை, வசவு இல்லை, மூடி மறைப்பதும் இல்லை. இப்படியும் ஒரு தப்பைச் சொல்லலாம் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. அவருக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பள்ளியிலும் வாயைத் திறந்தார். பல் டாக்டருக்கு மனத்தாங்கல். "நல்லா ஓட்டறேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தார், ரவுண்டானாவைச் சரியாகச் சுற்றினார். கணக்கு வாத்தியார் மட்டும், "நானும் பசங்களுக்குச் சும்மா மார்க் போட்டதில்ல மாஸ்டர். எனக்கு மட்டும் ஏன் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுக் கிளட்சைத் தேடினார். பள்ளியை நடத்தும் அம்மா மாஸ்டரைக் கூப்பிட்டு, "உங்க மேல புகார் வந்திருக்கு. நீங்க தப்பு கண்டுபிடிக்கறீங்களாம்" என்றார். சொல்லும்போது அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாவது தேர்வு நாளன்று மாஸ்டர் வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேர்வுக் கார் பாதசாரிகள் கடக்கும் இடத்தை நெருங்கியது. ஒரு அம்மா குழந்தை வண்டியோடு நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள், இன்னும் காலை எடுத்து வைக்கக்கூட இல்லை. கார் வேகம் குறைந்து, மெல்ல நின்றது. பெஞ்சில் இருந்த மாஸ்டரின் கால் அசையவே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் அது அசைவதற்கு முன்னாலேயே கார் நின்றுவிட்டது.

அவள் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவர் வாயெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"எப்படி ஓட்டினேன்?"

"வளைவுல இண்டிகேட்டர் லேட்டு."

"அந்தாளும் அதான் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, நடுச் சாலை என்றும் பார்க்காமல் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். இந்த முறை அவரிடமே அழுதாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த சின்ன வெள்ளைக் கார் வீட்டு வாசலுக்கு வந்தது. புதிய வேலைக்குப் போகும் முதல் நாள் காலை, மருந்துப் பையைப் பின் சீட்டில் வைத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மாஸ்டர் வாசலில் நின்றிருந்தார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தாள்.

"எனக்கும்தாங்க. ராத்திரி பூரா கண்ணே மூடல. நீங்க அசந்து தூங்கறீங்கன்னு நெனச்சு, புரளாம அப்படியே கிடந்தேன்."

"நானும் அதேதான்" என்றார் மாஸ்டர். "நீ தூங்கறேன்னு நெனச்சேன்."

ஒரே கட்டிலில், ஒருவருக்கொருவர் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று, இரண்டு பேரும் விடிய விடியக் கட்டை மாதிரி கிடந்திருக்கிறார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"இனிமே தூக்கம் வரலேன்னா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.